பீங்கான் ஊரில் மூன்று பயணிகள்

எரேமியாஸ் இறைவாக்கினரைக் குயவன் வீட்டுக்கு இறங்கிப் போகும்படி ஆண்டவர் பணித்ததாகப் பழைய ஏற்பாட்டில் வாசிக்கிறோம். அங்கே சக்கரத்தில் வனைந்துகொண்டிருந்த கலம் குயவனின் கையிலேயே கெட்டுப்போயிற்று. அவன் அம்மண்ணை எறிந்துவிடவில்லை. அதைக்கொண்டே தனக்கு நலமெனத் தோன்றிய வேறொரு கலத்தைச் செய்தான். இப்பகுதி திருப்பலியில் வாசிக்கப்படும் நாளில் எங்கள் விருத்தாசலத்து மக்களுக்கு நீண்ட விளக்கவுரை தேவைப்படுவதில்லை. அவர்களுள் பலர் மண்ணோடு பழகியவர்கள்.

விருத்தாசலம் என்றதும் வெளியூரார் நினைவுக்கு வருவன மணிமுத்தாற்றங்கரையில் நிற்கும் பழமலைநாதர் கோயிலும், விழுப்புரம், திருச்சி, சேலம், கடலூர் ஆகிய திசைகளுக்கு வழி பிரியும் ரயில் சந்திப்புமேயாகும். மூன்றாவதாக ஒன்று உண்டு. அதுவே எங்கள் ஊருக்குப் பீங்கான் நகரம் என்னும் பெயரைத் தந்தது. பீங்கான் தொழிற்பேட்டையும், அத்தொழிலைக் கற்பிக்கும் அரசு நிறுவனமும், சிறு சிறு பட்டறைகளும் இவ்வூரில் உண்டு. அகல் விளக்கு, பொம்மை, ஜாடி, மின்சாரத்துக்கான பீங்கான் சாமான்கள் என்று இங்கே உருவாகாத பொருள் குறைவு.

இத்தொழில் இங்கே வேரூன்றியதற்கு அண்டையிலுள்ள நெய்வேலி ஒரு காரணம். 1956-ஆம் ஆண்டில் பழுப்பு நிலக்கரி நிறுவனம் அங்கே தொடங்கப்பட்டது. நிலக்கரியை எடுக்க வேண்டுமானால் அதன்மேல் மூடிக் கிடக்கும் மண்ணை முதலில் அகற்ற வேண்டும். அந்த மண்ணில் பீங்கானுக்கு உகந்த களிமண்ணும் கிடைத்தது. ஆயினும் களிமண் மட்டும் இருந்தால் பீங்கான் ஆகாது. குவார்ட்ஸ், பெல்ஸ்பார் என்னும் கற்பொடிகளும் சேரவேண்டும். அவை வேறு மாவட்டங்களிலிருந்து லாரியில் வருகின்றன. எங்கெங்கோ பிறந்த இம்மண்களும் கற்களும் ஒரே தொட்டியில் கரைந்து, அச்சில் வார்க்கப்பட்டு, உலர்ந்து, ஆயிரத்து இருநூறு டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்தில் வெந்து ஒரே கலமாகின்றன. சூளையினின்றும் வெளிவந்த கலத்தைக் கையிலெடுத்து, இது நெய்வேலி மண், இது வெளியூர்க் கல் என்று பிரித்துக் காட்ட ஒருவராலும் இயலாது.

பீங்கான் என்னும் சொல்லும் கடல் கடந்து வந்த சொல்லே. அப்படி வந்து நம் வீட்டுச் சொல்லாகிவிட்டவை எத்தனை! சாவி, மேசை, அலமாரி, ஜன்னல் ஆகிய நான்கும் போர்த்துகீசியர் வழியாக வந்தவை. இன்று அவற்றை அந்நியம் என்று யாரும் எண்ணுவதில்லை. சொற்களை இவ்வளவு எளிதாக ஏற்றுக்கொண்ட நாம், மனிதரை ஏற்றுக்கொள்வதில் மட்டும் தயங்குவது ஏன்? இக்கேள்வி என் உள்ளத்தில் எழுந்ததற்குக் காரணமான மூன்று பயணிகளைப் பற்றியே இங்கு எழுத விழைகிறேன். ஒருவர் முந்நூறு ஆண்டுகளுக்கு முன் இப்பக்கம் வந்தவர். மற்ற இருவர் என் பங்கு ஆலயத்தில் எனக்கு முன்னால் நின்றவர்கள்.

முதற் பயணி

இத்தாலி நாட்டின் வடபகுதியில் காஸ்திலியோனே என்னும் ஊரில் 1680-ஆம் ஆண்டு நவம்பர் 8-ஆம் நாள் ஒரு குழந்தை பிறந்தது. இளைஞர்களின் பாதுகாவலராகிய புனித ஞானப்பிரகாசியார் பிறந்ததும் அவ்வூரே. கொன்ஸ்தாந்து யோசேப்பு பெஸ்கி எனப் பெயர் பெற்ற அக்குழந்தை வளர்ந்து இயேசு சபையில் சேர்ந்து, குருவாகி, 1710-ஆம் ஆண்டு கப்பலேறிக் கோவா வந்து சேர்ந்தது. மறு ஆண்டு மதுரை மிஷனை அடைந்தது. அவரே நாம் வீரமாமுனிவர் என்று போற்றும் பெருந்தகை.

அதே காலத்தில் உலகின் வேறு மூலைகளில் நடந்தவற்றையும் பீங்கான் ஊரில் இருக்கும் நான் நினைத்துப் பார்ப்பதுண்டு. நெடுங்காலம் சீனர் மட்டுமே அறிந்திருந்த பீங்கான் செய்யும் நுட்பத்தை ஜெர்மனியர் கண்டுபிடித்து, மைசென் நகரில் தொழிற்சாலை அமைத்தது பெஸ்கி அடிகள் இந்தியா வந்த அதே 1710-ஆம் ஆண்டிலேதான். சீன நாட்டில் மறைப்பணி புரிந்த பிரெஞ்சுக்காரரான தாந்த்ரெகோல் என்னும் இயேசு சபைக் குரு, சீனத் தொழிலாளிகள் பீங்கான் செய்யும் முறையை 1712-இலும் 1722-இலும் கடிதங்களாக எழுதித் தம் நாட்டுக்கு அனுப்பினார். அவருடைய சபைத் தோழராகிய பெஸ்கி அடிகளோ தமிழ் மண்ணில் வேறொரு கலத்தை வனைந்துகொண்டிருந்தார். அக்கலம் வேறெதுவுமன்று, அவர்தாம்.

தம்மைத் தாமே அவர் எவ்வாறு வனைந்துகொண்டார்? காவி உடுத்தினார், புலால் நீத்தார், தைரியநாதர் என்று பெயர் பூண்டார். இவையெல்லாம் 1606-இல் மதுரைக்கு வந்த தத்துவ போதகர் காட்டிய வழி. ஆனால் உடையை மாற்றுவது ஒரு நாள் வேலை. நாவை மாற்றுவதற்குப் பல்லாண்டு வேண்டும். முப்பது வயது கடந்து தமிழ் கற்கத் தொடங்கிய அவர், திருக்குறளையும் சிந்தாமணியையும் கம்பனையும் ஆசான்களிடம் முறையாகப் பயின்றார். திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீனில் பெயர்த்தார். தொன்னூல் விளக்கம் என்னும் இலக்கணமும், சதுரகராதி என்னும் அகராதியும் இயற்றினார். புதிதாக வரும் ஐரோப்பியக் குருக்கள் பேச்சுத் தமிழைக் கற்கும்பொருட்டு எழுதிய பரமார்த்த குரு கதையைப் படித்து இன்றும் நம் பிள்ளைகள் வயிறு குலுங்கச் சிரிக்கிறார்கள். ஒரு மொழியில் பிழையின்றி எழுதுவது கல்வி. அம்மொழிக்காரரைச் சிரிக்க வைப்பதோ உறவு.

நம் எழுத்திலும் அவர் கை பட்டிருக்கிறது. முற்காலத்தில் எகர ஒகரக் குறில்களின்மேல் புள்ளியிட்டு எழுதினர். ஓலையில் புள்ளி விடுபட்டால் குறிலா, நெடிலா என்னும் மயக்கம் ஏற்படும். நெடிலுக்கெனத் தனி வடிவம் தந்து அம்மயக்கத்தைத் தீர்த்தவர் வீரமாமுனிவர். உங்கள் குழந்தை சிலேட்டில் 'தேவன்' என்றும் 'கோயில்' என்றும் எழுதும்போது, அந்த இரட்டைச் சுழிக் கொம்பில் இத்தாலியர் ஒருவரின் நன்கொடை இருக்கிறது.

விருத்தாசலத்துக்கு அண்மையில், முகாசாபரூர்ப் பகுதியில் கோணான்குப்பம் இருக்கிறது. ஜனவரி மாதத் திருவிழாவுக்கு மக்கள் திரள் திரளாக வந்து கூடும் பெரியநாயகி அன்னையின் திருத்தலம் அது. காட்டு வழியே சென்ற முனிவர் அங்கே அன்னையின் சுரூபத்தைத் தவறவிட்டார் என்றும், சிறுவர்கள் அதைக் கண்டெடுத்தனர் என்றும், பிள்ளைப்பேறில்லாத கச்சிராயர் அன்னையருளால் மகப்பேறு அடைந்து ஆலயம் எழுப்பினார் என்றும் பெரியோர் வழிவழியாகச் சொல்லிவருகின்றனர். சேலையுடுத்த தமிழ்த் தாயாகத் தேவ அன்னையை வரைந்து, அப்படத்தை மணிலா நகருக்கு அனுப்பி, அதன்படி சுரூபம் செய்வித்தார் என்பதும் அவ்வாறு வழங்கும் செய்தியே. அன்னைக்குப் பெரியநாயகி என்று பெயர் சூட்டியதும் கருதத்தக்கது. விருத்தாசலத்துப் பழமலைநாதர் கோயில் அம்மனின் திருநாமமும் பெரியநாயகியே. இவ்வட்டாரத்து மக்களின் செவிக்கும் நாவுக்கும் பழகிய பெயரால் அவர் தம் அன்னையை அழைத்தார். விருந்தாளியாக வந்தவர் வீட்டாரின் சொல்லாலேயே பேசினார்.

அவர் பாடிய தேம்பாவணி 3615 விருத்தங்கள் கொண்ட பெருங்காப்பியம். அதன் தலைவர் மன்னருமல்லர், போர்வீரருமல்லர். தச்சராகிய புனித சூசையப்பர். வளன் என்னும் அழகிய தமிழ்ப் பெயரை அவருக்குச் சூட்டினார் முனிவர். குழந்தை இயேசுவையும் தாயையும் அழைத்துக்கொண்டு இரவோடிரவாக எகிப்துக்குப் புறப்பட்டதும், அந்நிய நாட்டில் அத்திருக்குடும்பம் வாழ்ந்ததும் அக்காப்பியத்தில் விரிவாகப் பேசப்படுகின்றன. அயல் நாட்டிலே வாழ்ந்த ஒருவர், அயல் நாட்டிலே வாழ்ந்த ஒரு குடும்பத்தைப் பற்றிப் பாடினார்! அவர் இத்தாலிக்குத் திரும்பவேயில்லை. முப்பத்தாறு ஆண்டுகள் இங்கே உழைத்து, 1747-ஆம் ஆண்டு கேரளத்து அம்பழக்காட்டில் கண்மூடினார்.

இரண்டாம் பயணி

வந்தவரைப் பற்றிச் சொன்னேன். போனவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் வட்டாரத்தார் புறப்பட்டுப் போவது புதிதன்று. புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்களிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக நம் மக்கள் கப்பலேறினர். 1853-ஆம் ஆண்டில் முதற் கப்பல் மார்த்தினீக் தீவை அடைந்தது. ரெயூனியன், மொரீஷியஸ், இலங்கை, பர்மா, மலேயா என்று அவர்கள் சென்ற இடங்கள் பல. தேயிலையும் கரும்பும் ரப்பரும் அவர்களை அழைத்தன. நம் நாளில் அழைப்பது வளைகுடாவின் எண்ணெய்.

என் பங்கைச் சேர்ந்த ஒருவர் இளமையில் பீங்கான் பட்டறையில் அச்சு வார்க்கும் வேலை செய்தவர். கூலி போதவில்லை; தங்கையின் திருமணக் கடன் வேறு. குவைத்துக்குப் போனார். அங்கே கட்டடங்களில் தரைக்கு டைல்ஸ் பதிக்கும் வேலை. பன்னிரண்டு ஆண்டுகள் இருந்தார். தங்குமிடத்தில் ஓர் அறைக்கு எட்டுப் பேர். பீகார், ஜார்க்கண்ட், ஆந்திரா, நேபாளம் என்று பல நாட்டு முகங்கள். அவர்களோடு பேசிப் பேசியே இந்தி கற்றார். "சாமி, பள்ளிக்கூடத்தில் தமிழே சரியாக வராதவன் நான். பசியும் வேலையும் எனக்கு இந்தி கற்பித்தன" என்று அவரே என்னிடம் சொல்லியிருக்கிறார்.

குவைத்தில் வாராந்தர விடுமுறை வெள்ளிக்கிழமை. ஆகவே அங்குள்ள கத்தோலிக்கர் பலர் ஞாயிறு திருப்பலிக் கடனை வெள்ளியன்று நிறைவேற்றுகின்றனர். குவைத் நகரிலுள்ள திருக்குடும்ப ஆலயத்தில் தமிழ்த் திருப்பலியும் உண்டு. பேருந்துக்குக் காசு இருக்கும் வாரத்தில் பேருந்திலும், இல்லாத வாரத்தில் நடந்தும் அவர் அங்கே சென்றிருக்கிறார். அரபு நாடுகளில் நம் மக்கள் ஜெபம் மறந்துபோவார்கள் என்று அஞ்சுவோர் உண்டு. பஹ்ரைனில் அரேபியாவின் அன்னைக்கு எழுப்பப்பட்ட பேராலயம் 2021 டிசம்பர் 10 அன்று அபிஷேகம் செய்யப்பட்டது. அப்பகுதித் திருச்சபையில் பெரும்பாலோர் வேலை தேடிச் சென்ற எளியோரே என்பதை நாம் மறக்கலாகாது.

ஒரு நாள் அவருடைய தாயார் இறந்துபோனார். பாஸ்போர்ட்டு முதலாளி கையில், விடுப்புக் கிடைக்கவில்லை. அடக்கத் திருப்பலியின்போது அவருடைய தம்பி கைத்தொலைபேசியைப் பீடத்தருகே உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றதை நான் கண்டேன். துக்க மணி அடித்ததும் மறுமுனையில் ஒரு விம்மல் கேட்டது. "அந்த மணியைத்தான் சாமி கேட்டேன். பாட்டு ஒன்றும் காதில் விழவில்லை" என்று பிற்காலத்தில் அவர் சொன்னார்.

கடன் தீர்ந்து, ஓட்டு வீடு மாடி வீடாகி, ஒரு வழியாக அவர் ஊர் திரும்பினார். ஊரார் மகிழ்ந்தனர்; உறவினர் வந்து சென்றனர். நான்காம் நாள் அவருடைய மகள் தன் தாயிடம் தனியாகக் கேட்டாளாம்: "அம்மா, அவர் எப்போது திரும்பிப் போவார்?"

அப்பா என்னும் சொல்லே அக்கேள்வியில் இல்லை. அப்பெண் தீயவளல்லள். அவளுக்கு அப்பா என்பது தொலைபேசித் திரையில் தோன்றும் ஒரு முகம், இரண்டாண்டுக்கு ஒருமுறை வரும் பெட்டி. பணமும் பொருளும் ஒழுங்காக வந்தன. மனிதர் மட்டும் வரவில்லை. அந்த வீட்டில் அவருக்கென்று ஒரு நாற்காலியோ, ஒரு வேலையோ, முடிவு செய்யும் ஒரு காரியமோ மிஞ்சியிருக்கவில்லை. எல்லாவற்றையும் மனைவியே சுமந்து பழகிவிட்டார். குவைத்திலும் அந்நியர், ஊரிலும் அந்நியர் என்று அவர் ஆலயத்தின் பின் வரிசையில் மௌனமாக உட்கார்ந்திருப்பார்.

பட்டறையில் ஒன்றைக் கவனித்திருக்கிறேன். அச்சிலிருந்து எடுத்த பச்சைக் கலம் உலரும்போதும் சுடும்போதும் சுருங்கும். அதைக் கணக்கிட்டே தொழிலாளி அச்சைச் சற்றுப் பெரிதாகச் செய்வான். கலத்தின் ஒரு பக்கம் விரைவாகவும் மறு பக்கம் மெதுவாகவும் உலர்ந்தால் கீறல் விழும். குடும்பமும் அப்படித்தான். ஒருவர் பாலை வெயிலிலும் மற்றவர் ஊர் நிழலிலும் தனித்தனியே மாறிக்கொண்டிருந்தால், நடுவே கீறல் தோன்றுகிறது. குற்றம் மண்ணுடையதன்று.

மூன்றாம் பயணி

இனி என் குறையைச் சொல்ல வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் தவக்காலத்தில், ஞாயிறு திருப்பலிக்கு மூன்று இளைஞர்கள் வரலானார்கள். தீர்த்தத் தொட்டியருகே நிற்பார்கள், முழந்தாளிட வேண்டிய நேரத்தில் முழந்தாளிடுவார்கள், நற்கருணை வாங்குவார்கள், இறுதி ஆசீர் முடிந்ததும் போய்விடுவார்கள். முகத்தைப் பார்த்தவுடன் வடநாட்டார் என்று தெரிந்தது. சூளையில் சாமான் அடுக்கும் வேலைக்கு வந்தவர்கள் என்று உபதேசியார் சொன்னார். இடம் இருந்தும் பெஞ்சில் அவர்களருகே யாரும் உட்காரவில்லை. நானும் பெயர் கேட்கவில்லை. திருப்பலி முடிந்ததும் ஆயிரம் வேலை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

ஒரு மாலை அவர்களுள் இளையவன் தனியே பங்கு இல்லத்துக்கு வந்தான். கையில் நான்காக மடித்த நூறு ரூபாய் நோட்டு. ஏதோ சொன்னான்; எனக்கு விளங்கவில்லை. மீண்டும் மீண்டும் ஒரு சொல்லையே சொன்னான். சில்லறை கேட்கிறான் என்று எண்ணினேன். பிறகு, ஏதேனும் வம்பில் மாட்டிக்கொண்டு வந்திருக்கிறானோ என்று ஐயுற்றேன். 'அப்புறம் வா' என்று கையசைத்தேன். அவன் நோட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, தலை வணங்கிவிட்டுப் போனான்.

மறு ஞாயிறு மூவரும் வரவில்லை. குவைத்திலிருந்து திரும்பியவரே அதை முதலில் கவனித்தார். "சாமி, பின்னால் நிற்கும் பிள்ளைகளைக் காணோமே?" என்றார். நடந்ததைச் சொன்னேன். அவன் திரும்பத் திரும்பச் சொன்ன சொல் என்ன என்று கேட்டார். நினைவுகூர்ந்து, "மிஸ்ஸா, மிஸ்ஸா என்று ஏதோ..." என்றேன்.

சொல்லி முடிக்குமுன் என் நாக்கு ஒட்டிக்கொண்டது. மிஸ்ஸா! திருப்பலியைக் குறிக்கும் இலத்தீன் சொல். குருமடத்தில் ஆண்டுக்கணக்கில் இலத்தீன் படித்தவன் நான். வடநாட்டுக் கத்தோலிக்கர் இன்றளவும் திருப்பலியை அச்சொல்லாலேயே வழங்குகின்றனர். அந்தப் பிள்ளை என்னிடம் வந்து கேட்டது, ஒரு குருவிடம் எவனும் கேட்கக்கூடிய மிகச் சாதாரணமான ஒன்றை. அதுவும் என் சொந்தத் திருச்சபையின் சொல்லில்! அவனை அந்நியன் என்று கருதிவிட்டதால், தெரிந்த சொல்லும் என் காதுக்கு அந்நியமாயிற்று.

அன்று மாலையே இருவரும் அவர்கள் தங்கியிருந்த கொட்டகைக்குப் போனோம். வாசலில் நின்று அவர் இந்தியில் பேசத் தொடங்கியதும் உள்ளேயிருந்து மூவரும் ஓடிவந்தனர். ஜார்க்கண்ட் மாநிலத்துப் பழங்குடிப் பிள்ளைகள், பரம்பரைக் கத்தோலிக்கர். சுவரில் ஒரு திரு இருதயப் படம், ஆணியில் ஒரு ஜெபமாலை. இளையவனின் தந்தை ஊரில் இறந்துவிட்டார். போய்வரப் பணமில்லை, போனால் வேலையும் போய்விடும். ஆகவே தந்தையின் ஆன்ம இளைப்பாற்றிக்காக ஒரு பூசை வைக்க வந்திருக்கிறான். இதைக் கேட்டு எனக்கு மொழிபெயர்த்துச் சொன்னவர் பாதியிலே நிறுத்திவிட்டார். தாயின் அடக்கத்துக்கு வர இயலாமல் தொலைபேசியில் மணியோசை கேட்டவரல்லரா அவர்?

நான் அந்தப் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் அதை மொழிபெயர்த்தார். பிள்ளை பதறிப்போய் என் கையைப் பற்றிக்கொண்டான்.

அடுத்த ஞாயிறு பங்குத் திருப்பலி அவனுடைய தந்தைக்காகவே ஒப்புக்கொடுக்கப்பட்டது. நற்கருணை வேளையில் மூவரும் தங்கள் ஊர் மொழியில் ஒரு பாட்டுப் பாடினர். வாத்தியம் இல்லை, பொருளும் எங்களுக்கு விளங்கவில்லை. ஆயினும் முதியவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டனர். திருப்பலி முடிந்தபின் மக்கள் அவர்களைச் சூழ்ந்துகொண்டு கேள்விமேல் கேள்வி கேட்டனர். நடுவில் நின்று இப்பக்கமும் அப்பக்கமும் மொழிபெயர்த்தவர் அந்தக் குவைத்துக்காரர். பின் வரிசையில் தலைகுனிந்து அமர்ந்திருந்தவரா இவர் என்று வியக்கும்படி அவர் குரல் உயர்ந்திருந்தது. அவருடைய மகள் அருகில் நின்று வாய் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவருடைய சட்டையைப் பிடித்து இழுத்து, "அப்பா, அந்த அண்ணன் என்ன சொன்னார்?" என்று கேட்டாள்.

அவள் அறியாமலே அச்சொல் வாயில் வந்துவிட்டது. அவர் திரும்பி அவளைப் பார்த்தார். பதில் சொல்லச் சற்று நேரம் பிடித்தது.

நமக்கு ஊட்டியவர் யார்?

பிற்பாடு அப்பிள்ளைகளிடம் பேசும்போது லீவன்ஸ் அடிகளாரைப் பற்றி அவர்கள் பெருமையோடு சொன்னார்கள். பெல்ஜியம் நாட்டினரான கொன்ஸ்தாந்து லீவன்ஸ் என்னும் இயேசு சபைக் குரு, 1885-ஆம் ஆண்டில் ராஞ்சிப் பகுதிக்கு வந்தார். நிலத்தை இழந்து தவித்த பழங்குடியினருக்காக வழக்கு மன்றங்களில் உதவி, அவர்களுடைய நெஞ்சில் இடம்பெற்றார். அதே மண்ணில் காமில் புல்கே என்னும் மற்றொரு பெல்ஜியக் குரு 1968-ஆம் ஆண்டில் புகழ்பெற்ற ஆங்கில-இந்தி அகராதியை வெளியிட்டார். நமக்கு ஒரு வீரமாமுனிவர். அவர்களுக்கு ஒரு புல்கே அடிகள். நம் புதுவை, கடலூர்ப் பகுதிகளில் 1776-க்குப் பின் நெடுங்காலம் உழைத்தவர்கள் பாரீஸ் அந்நிய வேதபோதக சபையின் பிரெஞ்சுக் குருக்கள். நம் பாட்டன்மாருக்கு ஞானஸ்நானம் அளித்த கைகளும் கடல் கடந்து வந்த கைகளே. அயலாரிடமிருந்து விசுவாசத்தைப் பெற்ற நாம், அதே விசுவாசத்தோடு நம் வாசலில் நிற்கும் ஒருவனை அயலான் என்று ஒதுக்குவது எவ்வாறு தகும்?

திருச்சபை இதில் தெளிவாகப் பேசியிருக்கிறது. திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1952 ஆகஸ்டு 1 அன்று வெளியிட்ட அப்போஸ்தலிக்க அமைப்பில், எகிப்துக்கு ஓடிய நாசரேத்துத் திருக்குடும்பமே அகதிகளுக்கும் குடிபெயர்ந்தோருக்கும் எக்காலத்துக்குமான மாதிரி என்று எடுத்துரைத்தார். குடிபெயர்ந்தோர் ஞாயிறு 1914 முதல் வழக்கிலிருந்து, இப்போது செப்டம்பர் மாதக் கடைசி ஞாயிறன்று அனுசரிக்கப்படுகிறது. அந்நாளுக்கான 2018-ஆம் ஆண்டுச் செய்தியில் மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் நான்கு கடமைகளைக் கூறினார்: வரவேற்றல், பாதுகாத்தல், உயர்த்துதல், ஒன்றிணைத்தல்.

நாம் செய்யக்கூடியவை

அன்பார்ந்த குடும்பத்தாரே, இவற்றை நம் பங்குகளில் செயலாக்குவது கடினமன்று.

வெளிநாடு செல்ல விரும்புவோர் அரசு உரிமம் பெற்ற முகவர் மூலமே செல்லட்டும். சுற்றுலா விசாவில் வேலைக்கு அனுப்புகிறேன் என்பவனை நம்ப வேண்டாம். வேலை ஒப்பந்தம், பாஸ்போர்ட்டு, விசா ஆகியவற்றின் நகல்கள் வீட்டிலும் இருக்கட்டும். புறப்படுமுன் கணவனும் மனைவியும் அமர்ந்து, எவ்வளவு கடன், எத்தனை ஆண்டு என்று வரம்பு கட்டிக்கொள்ளட்டும். வரம்பில்லாத பயணம் திரும்பி வராத பயணமாகிவிடும்.

வீட்டிலிருப்போர் பணம் வந்ததா என்று மட்டும் கேளாமல், சாப்பிட்டாயா, தூங்கினாயா, பூசை கண்டாயா என்றும் கேட்கட்டும். மாலை ஜெபத்தில் தூரத்திலிருப்பவரின் பெயரைப் பிள்ளைகள் வாய்விட்டுச் சொல்லட்டும். பள்ளிக்கூடத்து மதிப்பெண்ணிலிருந்து கன்று ஈன்ற செய்திவரை அவரிடம் சொல்லி, சிறு முடிவுகளையாவது அவரிடம் கேட்டுச் செய்யட்டும். அப்போது அவர் திரும்பி வரும் நாளில் வீட்டில் அவருக்கென ஓரிடம் காத்திருக்கும்.

திரும்பி வந்தவரிடம் ஊரார், என்ன கொண்டுவந்தாய் என்று கேட்கிறோம். என்ன கற்றுவந்தாய் என்று கேட்டால் நமக்கே நன்மை. எங்கள் குவைத்துக்காரர் இப்போது வட மாநிலத் தொழிலாளருக்கு மருத்துவமனையிலும் வங்கியிலும் துணை நிற்கிறார். அந்நியராக வாழ்ந்தவரே அந்நியரின் மனத்தை அறிவார். எகிப்தில் நீங்களும் அந்நியராயிருந்தீர்கள், ஆகையால் அந்நியனை நேசியுங்கள் என்று இஸ்ராயேலருக்கு ஆண்டவர் கட்டளையிட்டதன் உட்பொருள் இதுவே.

புதிதாக வந்தவரிடம் முதலில் பெயரைக் கேளுங்கள். அதற்கு இலக்கணமும் வேண்டாம், அகராதியும் வேண்டாம். தன் மார்பைத் தொட்டுத் தன் பெயரைச் சொல்லி, அவன் பக்கம் கையைக் காட்டினால் போதும். உலகம் எங்கும் அது விளங்கும். தீர்ப்பு நாளில் ஆண்டவர் நம்மிடம், அந்நியனாய் வந்த தம்மை ஏற்றுக்கொண்டோமா என்று கேட்கப்போகிறார். அன்று, அவர் பேசிய மொழி எனக்கு விளங்கவில்லை என்று சொல்லித் தப்ப முடியாது. நான் ஒருமுறை அப்படிச் சொல்ல முயன்றவன். ஆகையால் உங்களை எச்சரிக்கிறேன்.

அந்த மூன்று இளைஞர்களுள் இருவர் ஊர் திரும்பிவிட்டனர். இளையவன் மட்டும் இங்கே இருக்கிறான். தமிழ் பேசுகிறான்; பிழைகள் உண்டு. கடந்த ஜனவரியில் கோணான்குப்பத்துத் திருவிழாவுக்கு எங்களோடு நடந்தே வந்தான். பெரியநாயகி அன்னையின் முன் நின்று நெடுநேரம் பார்த்திருந்துவிட்டு, "எங்க ஊர் அம்மா மாதிரி சேலை" என்றான்.

இத்தாலியிலிருந்து வந்த ஒருவர் தமிழ்த் தாயாகக் கண்ட அன்னையை, ஜார்க்கண்டிலிருந்து வந்த ஒரு பிள்ளை தன் ஊர்த் தாயாகக் கண்டுகொண்டான். அவனும், நானும், அந்தக் குவைத்துக்காரரின் மகளும் ஒரே மெழுகுவர்த்தியிலிருந்து தீபம் ஏற்றிக்கொண்டோம். குயவனாகிய ஆண்டவர் இன்னும் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருக்கிறார். அவருடைய கையில் நாமனைவரும் ஒரே மண்ணாவோமாக.